பம்ப் ஓடுறது பவர் சப்ளைல, வேகம் சொல்றது மதர்போர்டு: அந்த நாலாவது பின் என்ன பண்ணுது?

கம்ப்யூட்டருக்கு கஸ்டம் வாட்டர்கூலிங் (சூட்டை வெளியேத்த தண்ணி ஓட்டுற அமைப்பை நாமளே பாகம் பாகமா சேர்த்துக் கட்டுறது) பண்ணப் போறவங்க முதல்ல முழிக்கிற இடம் ரேடியேட்டரோ ட்யூபோ இல்லைங்க, பம்ப்ல இருந்து வெளிய வர்ற ஒயருங்கதான். ஒண்ணு தடிமனா இருக்கும், சாட்டா இல்லன்னா மோலெக்ஸ் கனெக்டரோட நேரா பவர் சப்ளைக்குப் போகும். இன்னொண்ணு மெலிசா இருக்கும், முனையில நாலு பின் ஃபேன் கனெக்டர், ஆனா பல பம்புங்கள்ல பாத்தீங்கன்னா அந்த நாலு ஓட்டையில ரெண்டுல மட்டும்தான் ஒயரே இருக்கும். டிஃபெக்ட் பீஸ் வந்துடுச்சோன்னு பயப்பட வேணாம், அது அப்படித்தான் இருக்கணும். பம்புக்கு சம்பளம் குடுக்கிறது பவர் சப்ளை, வேலை சொல்ற மேனேஜர் மதர்போர்டு, அவ்ளோதான் விஷயம்.

ஏன் இப்படிப் பிரிச்சு வச்சிருக்காங்கன்னா கரண்ட் கணக்கு. சாதாரண ஃபேன் ஹெடர் (மதர்போர்டுல ஃபேன் ஒயரை மாட்டுற பின்னுங்க) பொதுவா 1 ஆம்ப் வரைக்கும்தான் தாங்கும், 12 வோல்ட்ல அது 12 வாட். லாயிங் கம்பெனி டிசைன் பண்ண டி5 பம்ப் இருக்கே (இன்னைக்கு பல பிராண்டு பேர்ல விக்கிற டி5 எல்லாம் அடிப்படையில அதேதான்), அது முழு வேகத்துல 20 வாட்டுக்கு மேல இழுக்கும், அதாவது 2 ஆம்புக்குப் பக்கத்துல. அதை சாதாரண ஹெடர்ல இருந்து ஓட்டணும்னு நெனச்சா போர்டுல இருக்கிற டிரைவர் சிப்போ தடமோ கருகிப் போக வாய்ப்பு இருக்கு. இப்ப வர்ற போர்டுங்கள்ல பம்புக்குன்னே 2 இல்ல 3 ஆம்ப் குடுக்கிற தனி ஹெடர் வருது, அதுல மாட்டலாம்தான், ஆனாலும் பெரிய பம்பை பவர் சப்ளைல இருந்தே ஓட்டிடுறதுதான் என் கட்சி. ரெடிமேடா வர்ற ஆல்-இன்-ஒன் கூலரோட குட்டி பம்ப் சில வாட்தான் சாப்பிடும், அதுக்கு இந்தக் கவலையே கிடையாது.

சரி, நாலு பின்னுக்கு வருவோம். ஒண்ணாவது கிரவுண்ட், ரெண்டாவது 12 வோல்ட், மூணாவது டாக்கோ (எவ்ளோ வேகமா சுத்துதுன்னு பம்ப் சொல்ற சிக்னல்), நாலாவது பிடபிள்யூஎம் (எவ்ளோ வேகமா சுத்தணும்னு போர்டு சொல்ற சிக்னல்). பம்பு கேபிள்ல இருக்கிற அந்த ரெண்டு ஒயர் மூணாவதும் நாலாவதும். கிரவுண்ட் ஒயர் இல்லாம சிக்னல் எப்படிப் போகும்னு ஒருத்தருக்குத் தோணலாம், நியாயமான கேள்விதான். மதர்போர்டுக்கும் பம்புக்கும் அதே பவர் சப்ளைல இருந்துதான் கரண்ட் வருது, அதனால கிரவுண்ட் ஏற்கனவே பொதுவா இருக்கு. நீங்க பம்பை மட்டும் தனி 12 வோல்ட் அடாப்டர்ல ஓட்டினா அப்ப கதை வேற, ரெண்டு கிரவுண்டையும் சேர்த்து விடலைன்னா சிக்னல் பம்புக்குப் புரியவே புரியாது.

நாலாவது பின்ல போறது மோட்டாரை ஓட்டுற கரண்ட் இல்லைங்கிறத மனசுல வச்சிக்கோங்க, நெறைய பேர் இங்கதான் வழுக்குறாங்க. அது வெறும் தகவல். செகண்டுக்கு 25,000 தடவை ஆன் ஆஃப் ஆகுற ஒரு சதுர அலை, ஒரு சுத்து 40 மைக்ரோசெகண்ட். அதுல 20 மைக்ரோசெகண்ட் ஆன்ல இருந்தா 50 சதவீதம் டூட்டி சைக்கிள், 32 இருந்தா 80 சதவீதம். பம்புக்குள்ள இருக்கிற கன்ட்ரோலர் இந்த விகிதத்தை அளந்து, ஓ இவ்ளோ வேகம் கேக்குறாங்களான்னு புரிஞ்சிக்கிட்டு காயிலுங்களுக்கு கரண்டை அதுவே மாத்தி மாத்தி விடும். 25 கிலோஹெர்ட்ஸ்னு வச்சதுக்கு காரணம் மனுஷ காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கேக்காது, இல்லன்னா காயிலுங்க கொசு மாதிரி ரீங்காரம் போடுறது காதுல விழும்.

இதுல இன்னொரு அழகான விஷயம், இன்டெல் எழுதின நாலு பின் ஸ்பெக் படி மதர்போர்டு இந்த ஒயர்ல வோல்டேஜ் அனுப்புறதே இல்ல. ஒயரை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிற ரெசிஸ்டர் ஃபேன் பக்கம் இருக்கும், மதர்போர்டு அந்த ஒயரை கிரவுண்டுக்கு இழுக்கும் விடும், இழுக்கும் விடும், அவ்ளோதான் அதோட வேலை. இதனால என்ன ஆகும்னா ஒயர் அறுந்து போனா லைன் மேலேயே நிக்கும், அதாவது 100 சதவீதம், ஃபேன் முழு வேகத்துல ஓடும், யாரும் வெந்து போக மாட்டாங்க. ஆனா எல்லா பம்பும் இந்த ஒழுங்குல நடக்குறதில்ல. சில டி5 வெர்ஷனுங்க சிக்னல் இல்லன்னா முழு வேகத்துக்குப் போகாம நடுத்தர வேகத்துல ஓடிக்கிட்டு இருக்கும். பயோஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ் இருக்கிற இடம்) என்ன மாத்தினாலும் ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) ஒரே இடத்துல அசையாம நிக்குதா, சிக்னல் பம்புக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம்.

அப்படிச் சேராததுக்கு முக்கால்வாசி காரணம் டிசி மோட்தான். பயோஸ்ல ஒவ்வொரு ஹெடருக்கும் டிசியா பிடபிள்யூஎம்மான்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். டிசி மோட்ல போர்டு வேகத்தைக் குறைக்கணும்னா ரெண்டாவது பின்னோட 12 வோல்ட்டைக் குறைக்கும், நாலாவது பின்னைக் கண்டுக்காது. நம்ம பம்புக்கு அந்த ரெண்டாவது பின்ல ஒயரே இல்லையே, அது பாட்டுக்கு தன் வேகத்துல ஓடும். ஆட்டோன்னு விட்டா போர்டு தானே கண்டுபிடிக்கும்னு சொல்லுவாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, கையாலயே பிடபிள்யூஎம்னு மாத்திடுங்க. இதுக்கு நேர் எதிரா மூணு பின் மட்டும் வர்ற ஆல்-இன்-ஒன் பம்ப் இருந்தா டிசி மோட்ல முழு 12 வோல்ட் குடுத்து விட்டுடுங்க. வோல்டேஜை ரொம்பக் குறைச்சா பல பம்புங்க ஸ்டார்ட்டே ஆகாது, ஓடிக்கிட்டு இருக்கிறப்ப நல்லாத்தான் இருக்கும், அடுத்த நாள் காலைல ஆன் பண்ணும்போதுதான் தெரியும்.

மூணாவது பின் டாக்கோ, இது எதிர்த் திசையில வர்ற தகவல். ஒரு சுத்துக்கு ரெண்டு பல்ஸ். 4800 ஆர்பிஎம்ல ஓடுற டி5 செகண்டுக்கு 80 சுத்து சுத்துது, அப்போ 160 பல்ஸ், போர்டு அதை 30ஆல பெருக்கி 4800னு காட்டுது. ரெண்டு பம்ப் இருந்தா ரெண்டோட டாக்கோவையும் ஒரே பின்ல சேர்த்துடாதீங்க, பல்ஸ் ரெண்டும் கலந்து வாய்க்கு வந்த நம்பரைக் காட்டும், ஒண்ணு நின்னுபோனாலும் தெரியாது. ஒரே பம்ப்னா அதோட கேபிளை சிபியு ஃபேன் ஹெடர்ல மாட்டுறது எனக்குப் பிடிச்ச வழி, ஏன்னா அந்த ஹெடர்ல ஆர்பிஎம் வரலைன்னா பெரும்பாலான போர்டுங்க பூட் ஆகும்போதே எர்ரர் காட்டி நின்னுடும்.

இப்ப முக்கியமான கட்டம். ஒயரிங் எல்லாம் சரியாச்சு, வேகத்தை எதைப் பாத்து மாத்துறது? பயோஸ் எடுத்த எடுப்புல சிபியு வெப்பநிலையைத்தான் பாக்கும், பம்புக்கு அது தப்பான ஆள். சிபியு வெப்பநிலை ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே செகண்டுல 20 டிகிரி குதிக்கும் இறங்கும், பம்பும் கூடவே ஊய்ங் ஊய்ங்னு கத்தும். தண்ணிக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. லூப்ல, அதாவது தண்ணி சுத்தி வர்ற பாதையில, 1 லிட்டர் தண்ணி இருக்குன்னு வைங்க, 300 வாட் வெப்பம் உள்ள போகுது, ரேடியேட்டர் வேலையே செய்யலைன்னாகூட தண்ணி 1 டிகிரி ஏற 14 செகண்ட் ஆகும், ரேடியேட்டர் வேலை செஞ்சா இன்னும் மெதுவா.

சரி வேகத்தைக் கூட்டினா எவ்ளோ லாபம்னு பாத்தா அதுவும் சிரிப்பாத்தான் இருக்கும். நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடுற லூப்ல அதே 300 வாட் போட்டா உள்ள வர்ற தண்ணிக்கும் வெளிய போற தண்ணிக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். ஓட்டத்தைப் பாதியாக்கி 2 லிட்டர்னு வச்சாலும் 2 டிகிரிதான் வரும். பிளாக்குக்குள்ள (சிபியு மேல உக்காந்து சூட்டைத் தண்ணிக்கு மாத்துற பாகம்) தண்ணி வேகமா போனா வெப்பம் கடத்துறது கொஞ்சம் கூடும், இல்லைன்னு சொல்லல, ஆனா ஒரு கட்டத்துக்கு மேல அதுவும் தேறாது. செலவு மட்டும் ஏறிக்கிட்டே போகும்: வேகம் ரெண்டு மடங்கானா ஓட்டம் ரெண்டு மடங்கு, அழுத்தம் நாலு மடங்கு, தண்ணியைத் தள்ள வேண்டிய பவர் எட்டு மடங்கு. அந்தப் பவர்ல பெரும்பகுதி வெப்பமா திரும்ப தண்ணிக்குள்ளயே வேற போகுது.

அதனால பம்பை 50-60 சதவீதத்துல நேர்கோடா நிறுத்திடுங்க, ஏத்தி இறக்குற வேலையை ரேடியேட்டர் ஃபேனுங்க பாக்கட்டும். இல்ல எனக்கு பம்பும் மாறித்தான் ஆகணும்னா போர்டுல தெர்மிஸ்டர் (வெப்பநிலை சென்சார்) ஹெடர் இருக்கான்னு பாருங்க, பொதுவா 10 கிலோஓம் சென்சார் ஒண்ணை லூப்ல மாட்டி தண்ணியோட வெப்பநிலையைப் பாத்து மாத்துங்க. தண்ணி 40 டிகிரி வரைக்கும் பம்ப் அமைதியா இருக்கட்டும், 50 தாண்டினா 100 சதவீதம்னு வைங்க, ஏன்னா டி5 மாதிரி பம்புங்களுக்கும் பிளாஸ்டிக் ட்யூபுங்களுக்கும் 60 டிகிரிதான் வழக்கமா சொல்ற எல்லை.

லூப் புதுசா நிரப்பும்போது மட்டும் இதெல்லாம் செல்லாது. காத்துக் குமிழியை வெளியேத்த முழு வேகம் வேணும், நடுநடுவுல குறைச்சு மறுபடி ஏத்தினா பிளாக்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற குமிழியும் கிளம்பி வரும், ரிசர்வாயர் (தண்ணித் தொட்டி) மட்டும் காலியாகாம பாத்துக்கோங்க, டி5 பேரிங்குக்கு அந்தத் தண்ணிதான் எண்ணெய். குமிழி சத்தம் அடங்கினதுக்கு அப்புறம் பயோஸ்ல 30ல இருந்து 5 சதவீதமா ஏத்திக்கிட்டே வாங்க, கேஸ் மேல கை வச்சுப் பாத்தா ஏதாவது ஒரு வேகத்துல கேஸே சேர்ந்து உறுமுறது தெரியும், அந்த நம்பரைத் தாண்டி கொஞ்சம் மேலயோ கீழயோ நிறுத்திக்கோங்க.