நனைந்த போனை அரிசி டப்பாவில் போடாதீர்கள், தயவுசெய்து

நேற்றும் ஒரு கேஸ். சாப்பாடு டெலிவரி செய்கிற பையன். மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு பெங்களூரு சிவாஜி நகரில் என் போன் சர்வீஸ் கடைக்கு வந்தான். முதலில் ஸ்பீக்கர் கரகரத்ததாம், மாற்றினார்கள். பிறகு சார்ஜ் ஏறவில்லை, அதையும் மாற்றினார்கள். இப்போது ஆர்டர் வரும் நேரம் பார்த்துத் தானாக அணைகிறது. "மட்டமான போன்ணா, தூக்கிப் போட்டு உடைக்கலாம்போல இருக்கு."

"தண்ணி பட்டுச்சா?"

"இல்லவே இல்லண்ணா."

சிம் தட்டை இழுத்து டார்ச் அடித்தேன். தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற ஸ்டிக்கர் ஒன்று அங்கே இருக்கும். வெள்ளையாக இருக்க வேண்டியது சிவப்பு. உள்ளே சர்க்யூட் போர்டு மேலிருந்த தகர மூடியைக் கழற்றினால் பச்சை பூத்துக் கிடக்கிறது. சார்ஜிங் ஓட்டையில் ஒரு அரிசிக் குருணை! அப்புறம்தான் வாய் திறந்தான். ஒரு மழையில் சில்க் போர்டு பக்கம் நனைந்தது. அம்மா இரண்டு நாள் அரிசியில் புதைத்து வைத்தார்கள். "நல்லாத்தான் ஓடுச்சு."

அந்த 'நல்லாத்தான் ஓடுச்சு'தான் வினை.

அரிசி தண்ணீரை உறிஞ்சும் என்கிறீர்கள். சோறு ஆகும்போது உறிஞ்சும், ஒத்துக்கொள்கிறேன். டப்பாவில் இருக்கும் அரிசியிலேயே 12 முதல் 14 சதவீதம் ஈரம் உண்டு. மூடிக்கு அடியில், ஐசி என்கிற சிப்புக்குக் கீழே சிக்கிய துளியை அது எப்படி எட்டிப் பிடிக்கும்? சரி, தண்ணீர் தானாகவே காய்ந்தது என்றே வையுங்கள். அதிலிருந்த உப்பும் அழுக்கும் எங்கே போகும்? போர்டிலேயே படிந்திருக்கும். போனை அணைத்தாலும் பேட்டரி இணைப்பு இருக்கிறவரை அங்கே மின்சாரம் நிற்கும், செம்பு அரித்துக்கொண்டே போகும். இன்று ஸ்பீக்கர், அடுத்த மாதம் சார்ஜிங், அதற்கடுத்து டிஸ்ப்ளே. நீங்கள் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். போதாததற்கு அரிசித் தவிடு வேறு ஓட்டைகளில் அடைத்துக்கொள்ளும். அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. நான் சொன்னால்தான் நம்ப மாட்டேன் என்கிறீர்கள்.

"ஐபி68 போன் சார்" என்று, தண்ணீர், தூசி தாங்கும் தர எண்ணைச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் தனி ரகம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புதுப் போனுக்கு நடத்தியது. ஒருமுறை டிஸ்ப்ளே மாற்றி, பழைய பசையைப் புதுப்பிக்காமல் மூடியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

நனைந்தால் உடனே அணையுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். சார்ஜர் கூடவே கூடாது. ஹேர் டிரையர் வேண்டாம். சிம்மை எடுத்துவிட்டு அன்றைக்கே கடைக்கு வாருங்கள். பேட்டரி இணைப்பைப் பிரித்து, சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவினால் பெரும்பாலும் தேறும். மூன்று மாதம் கழித்து வந்தால் நானும் கையைத்தான் விரிப்பேன்.

பையனின் போனைக் கழுவி வைத்திருக்கிறேன். ஓடுகிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்டான், போட்டோக்களையெல்லாம் இன்றைக்கே வேறெங்காவது ஏற்றிவை என்றேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரரிடம் தண்ணீர் பட்டதை மறைக்காதீர்கள். யாரும் திட்டப்போவதில்லை. அரிசியில் போட்டேன் என்றால் மட்டும் நான் கொஞ்சம் திட்டுவேன்.