காய்ந்தால் கதவடைக்கும் மரம்

வெட்டிய ஈரம் காயாத ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் சாற்றுக்கட்டைக்குள், அதாவது பட்டையை அடுத்துச் சாறு ஓடும் வெளிக்கட்டைக்குள், நீர் தாராளமாக ஓடும். அதையே உலர்த்திவிட்டு, பூஞ்சை அண்டாமலிருக்க மருந்தை அழுத்தம் கொடுத்து ஏற்றிப் பாருங்கள். மேல்தோலோடு நின்றுவிடும். மரம் அதே மரம்தான். உலர்த்தியதில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

ஊசியிலை மரங்களின் கட்டையில் பெரும்பகுதி டிரக்கீடுகள் என்னும் நுண்குழல்கள். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளம், இரு முனையும் மூடியவை. பக்கச் சுவரிலுள்ள குழிகள் வழியாகத்தான் நீர் அடுத்த குழலுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு குழியின் நடுவிலும் டோரஸ் என்ற வட்டத் தட்டு. அதைச் சுற்றித் தாங்கிப் பிடிப்பது ஒரு நூல்வலை. நீர் கடப்பது அந்த வலைக்கண்களில்.

மரம் காயக் காய, நீரின் விளிம்பு பின்வாங்கி ஒருநாள் இந்த வலைக்கு வந்து சேரும். அப்போது நீரின் பரப்பு இழுவிசை தட்டை ஒரு பக்கமாக இழுத்துக் குழியின் வாயில் அப்பிவிடுகிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளைப் பிரிக்க முயன்றவர்களுக்கு இந்த இழுப்பு தெரியும். காய்ந்த பிறகு ஹைட்ரஜன் பிணைப்பு தட்டை அங்கேயே பிடித்துவைக்கும். மறுபடி நனைத்தாலும் பெரும்பாலும் விடாது. உயிருள்ள மரத்தில் இதே தட்டுதான் காவல். ஒரு குழலில் காற்றுக்குமிழி புகுந்தால், அது பக்கத்துக் குழலுக்குப் பரவாமல் அடைத்துவிடும். எனக்கு இதில் தீராத வியப்பு.

நிழலில் காயவைத்தாலும் சூளையில் வைத்தாலும் திரவ நீர்தான் பின்வாங்குகிறது, ஆகவே கதவு மூடும். ஆய்வகத்தில் நீரை எத்தனாலால் மாற்றிவிட்டு உலர்த்தினால் பெருமளவு திறந்தே இருக்கிறது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன், எத்தனாலுக்கு 22தான். உறையவைத்து உலர்த்தினாலும் அப்படியே. பனிக்கட்டி நேரே ஆவியாவதால் இழுக்க நீர்விளிம்பே இல்லை. ஆனால் லாரி லாரியாக வரும் பலகைக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது.

சரி, காயுமுன்பே மருந்தேற்றினால்? பிரெஞ்சு மருத்துவர் பூஷ்ரி 1830களில் அதைத்தான் செய்தார். பட்டை உரிக்காத பச்சை மரத்தின் அடிமுனையில் மூடி பொருத்தி, உயரத்தில் வைத்த தொட்டியிலிருந்து மயில்துத்தக் கரைசலை விட்டார். மரச்சாறு மறுமுனையில் வழிந்தது, கரைசல் அதன் இடத்தைப் பிடித்தது. தந்திக் கம்பங்கள் பல இப்படித்தான் பதப்பட்டன.