உருக்காமல் அடைக்கும் விரிசல்

304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தொட்டியில் வெல்டிங் ஓரமாக மயிரிழை போல ஒரு விரிசல். உடனே கை டிக் வெல்டிங் டார்ச்சுக்குத்தான் போகும். குளோரைடும் இழுவிசையும் சூடும் சேர்ந்து உண்டாக்கிய விரிசல் என்றால் அவசரப்பட வேண்டாம். உருக்கிய உலோகம் ஆறிச் சுருங்கும்போது அதே இடத்தில் புதிய இழுவிசை ஏறும். 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய ஓரத்தில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து, எஃகின் துருக்காப்பு குறையும். கார்பன் 0.03 சதவீதத்துக்குள் உள்ள 304எல் கிரேடில் இந்த இரண்டாவது தொல்லை குறைவு. முதலாவது அப்படியே இருக்கும்.

1991-ல் பிரிட்டனின் வெல்டிங் ஆய்வு நிறுவனமான டி.டபிள்யூ.ஐ. உருவாக்கிய ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் முறையில் உலோகம் உருகுவதில்லை. கருவியின் முனையில் சுழலும் ‘பின்’ (முளை) உள்ளே இறங்கி, உராய்வுச் சூட்டில் எஃகைப் பிசைந்த மாவாக்கி, விரிசலின் இரு கரைகளையும் கலந்துவிடும். அலுமினியத்துக்கு இது எளிது. எஃகுக்குப் பி.சி.பி.என். (மிகக் கடினமான போரான் நைட்ரைடு) அல்லது டங்ஸ்டன்-ரீனியம் பின் தேவை. பி.சி.பி.என். நொறுங்கும் பொருள், வேகமாக இறக்கினால் அந்தப் பின்னிலேயே விரிசல் விழும். அழுத்தமோ டன் கணக்கில். பின்புறம் கெட்டியான தாங்கல் இல்லாவிட்டால் தகடு வளையும். கையில் பிடித்துச் செய்கிற வேலையல்ல.

அதிகம் ஏமாற்றுவது ஆழம். 6 மி.மீ. விரிசலில் 4 மி.மீ. பின்னை ஓட்டினால், அடியில் 2 மி.மீ. அப்படியே இருக்கும், மேலே மூடியபடி. பழுது பார்க்காத விரிசலைவிட இது மோசம், ஏனென்றால் டை பெனட்ரன்ட் (சாயம் ஊறவைத்து மேற்பரப்பு விரிசலைக் காட்டும்) சோதனையில் இனி அது தெரியாது. முன்பே அல்ட்ராசோனிக்கில் ஆழத்தை அளந்து, பிறகு பின்னைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே ஆக்சைடோ, சாயத்தை வெளிக்காட்டச் சோதனையில் பூசிய டெவலப்பர் பொடியோ மிச்சமிருந்தால் அதுவும் கலந்து, ஒட்டியதுபோல் தோன்றி ஒட்டாத கோடாகிவிடும். கனிமம் நீக்கிய நீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். சாதா இரும்பு வயர் பிரஷைக் கிட்டே கொண்டுவராதீர்கள். அது விட்டுச்செல்லும் இரும்புத் துகளே துருவாகும். பின் வெளியேறும் இடத்தில் ஒரு குழி விழும். விரிசலைத் தாண்டி நல்ல உலோகத்தில் முடித்து, அந்தக் குழியைத் தனியாக அடைத்துவிடுங்கள்.

கோல்ட் ஸ்ப்ரே (குளிர் தெளிப்பு) வேறு ரகம். சில பத்து மைக்ரான் அளவுள்ள உலோகத் தூளை, உருக்காமல், வாயுவின் விசையில் நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் அடித்துப் படியவைப்பது. மயிரிழை விரிசலுக்குள் தூள் புகாது, வாயிலேயே பாலம் கட்டிவிடும். எனவே கிரைண்ட் செய்து அகன்ற பள்ளமாக்க வேண்டும். சுவர் செங்குத்தாக இருந்தால் அங்கே தூள் சரியாக ஒட்டாது. நைட்ரஜனைவிட ஹீலியத்தில் படிவு கெட்டியாக வரும், செலவும் ஏறும். கசிவை நிறுத்தவும் தேய்ந்த தடிமனை மீட்கவும் போதும். பாரம் தாங்கும் இணைப்புக்கு இதை நம்பக்கூடாது.