அட்டையில் பின்னும் நூல் பட்டன்: குழந்தை உடுப்பில் தைக்கும் முன்

அட்டை வட்டத்தில் நூலைப் பூச்சக்கரம்போல் பின்னி எடுக்கும் நூல் பட்டனைச் செய்யக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதைக் கைக்குழந்தை சட்டைக்கு வைக்கலாமா?" நூலால் ஆனது, மெத்தென்று இருக்கிறது, பிளாஸ்டிக் கிடையாது, அதனால் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறார்கள். மூன்று வயது முடியாத குழந்தையின் உடுப்பில் வைக்கவே கூடாது என்றுதான் நான் சொல்லி வருகிறேன். காரணத்தைச் சொல்லாமல் வெறுமனே "கூடாது" என்றால் யாரும் கேட்பதில்லை. அதனால் காரணத்தையும், வைக்கத் தகுந்த இடங்களுக்கு உறுதியான பட்டன் செய்யும் விதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கைவேலை கற்றுக்கொடுக்க வருவதற்கு முன் திருப்பூரில் குழந்தைகள் பனியன் உடுப்பு ஏற்றுமதிப் பிரிவில் தர ஆய்வு வேலை பார்த்தேன். அங்கே பட்டனுக்கு 'புல் டெஸ்ட்' உண்டு. பட்டனை ஒரு பிடியிலும் துணியை இன்னொரு பிடியிலும் மாட்டி இழுப்பார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் பலரும் கேட்கும் அளவு 90 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 9 கிலோ இழுவை, பத்து விநாடிக்கு. பட்டன் கழன்றால் மட்டும் தோல்வி என்று இல்லை. பட்டன் நின்று துணி கிழிந்தாலும் தோல்விதான். இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று புதிதாகச் சேர்ந்தபோது எனக்கும் தோன்றியது. ஆனால் குழந்தை தன் சட்டைப் பட்டனைக் கடித்து, சப்பி, முறுக்கி இழுப்பதை ஒருமுறை பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி வராது.

சிறு குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு உருளை வைத்திருக்கிறார்கள். உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் விரிந்த தொண்டை அளவை மனதில் வைத்துச் செய்தது. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சரி, அழுத்தாமலே அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருள் அந்த வயதுக் குழந்தையின் கைக்குப் போகக் கூடாது. நாம் செய்யும் நூல் பட்டன் பெரும்பாலும் 15 முதல் 25 மில்லிமீட்டர்தான். தாராளமாக அடங்கிவிடும்.

மெத்தென்று இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. மெத்தென்ற பொருள் மூச்சுக்குழாயின் வடிவத்துக்கு வளைந்து கொடுத்து, இடைவெளி விடாமல் அடைத்துக்கொள்ளும். எச்சிலில் ஊறினால் இன்னும் பிடித்துக்கொள்ளும். நூலும் பஞ்சும் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குழந்தை எதையோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்து மருத்துவமனைக்கு ஓடினால், நூல் பட்டன் காணவில்லை என்று நீங்களாகச் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

இன்னொரு ஆபத்து இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. பட்டன் கழலாமல் நூல் மட்டும் பிரிந்து நீளமாகத் தொங்கினால், அது குழந்தையின் கைவிரலிலோ கால்விரலிலோ சுற்றிக்கொள்ளும். மெல்லிய நூல் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கும். வீங்க வீங்க நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். தலைமுடியாலும் இப்படி ஆவது உண்டு. குழந்தை காரணம் தெரியாமல் விடாது அழுதால், காலுறையையும் கையுறையையும் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

குழந்தை உடுப்பில் பட்டனில் வரும் அந்தப் பூ வேலை வேண்டும் என்று ஆசையிருந்தால் வழி இருக்கிறது. அட்டையில் பின்னும் அதே சக்கரத்தைத் துணி மேலேயே தட்டையாகத் தைத்துவிடலாம். எம்பிராய்டரி தெரிந்தவர்களுக்குப் பழகிய தையல்தான். பின்பக்கம் மென்மையான பருத்தித் துணியால் மூடி, நாலாபுறமும் தைத்துவிட வேண்டும். சட்டையை மூட இயந்திரத்தில் அடித்த பிரஸ் பட்டன் போதும். கழுத்தருகே நாடா கட்டும் யோசனை வேண்டாம். அது வேறு வகையில் ஆபத்து.

இனி அட்டைக்கு வருவோம். இங்கிலாந்தில் இரண்டு வகை நூல் பட்டன்கள் பேர்போனவை. டார்செட் பட்டன் உலோக வளையத்தின் மேல் சுற்றுவது. யார்க்‌ஷயர் பட்டன் அட்டை வட்டத்தில் பின்னி, எடுத்துச் சுருக்கி, உள்ளே திணிப்பு வைத்து மூடுவது. நான் சொல்லிக்கொடுப்பது இந்த இரண்டாவது முறையை ஒட்டியது. வளையம் வாங்க வேண்டாம், வீட்டில் கிடக்கும் அட்டையே போதும்.

ஆனால் எல்லா அட்டையும் ஆகாது. மருந்துப் பெட்டி அட்டை மெலிசு, நூலை இழுத்ததும் வளைந்துவிடும். டிவி, ஃபிரிட்ஜ் வரும் நெளி அட்டையின் ஓரம் நசுங்கும். பழைய கணக்கு நோட்டின் கெட்டி அட்டை, ஒரு மில்லிமீட்டரோ கொஞ்சம் கூடுதலோ தடிமன், அதுதான் சரி. முடிந்த பட்டன் எவ்வளவு வேண்டுமோ அதைப்போல் இரண்டு மடங்கு விட்டத்தில் வட்டம் வெட்டுங்கள். 18 மில்லிமீட்டர் பட்டனுக்கு 36 மில்லிமீட்டர் வட்டம். திணிப்பு அதிகமானால் ஓரிரு மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம்.

ஓரத்தில் 16 வெட்டுகள் போட வேண்டும். பாகைமானி தேவையில்லை. அதே அளவு காகித வட்டத்தை நான்கு முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் 16 பங்கு கிடைக்கும். அதை அட்டை மேல் வைத்துக் குறித்து, ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுங்கள். கண்ணளவில் குறிப்பவர்களின் பட்டன் ஒரு பக்கம் புடைத்து, ஒரு பக்கம் இளைத்து நிற்கும். அதைப் பின்னலில் சரிசெய்ய முடியாது. இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

வெட்டுகளுக்கு 1 முதல் 16 வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். நூல் நுனியைப் பின்பக்கம் ஒட்டிவிட்டு 1-இல் மேலே வந்து, எதிரே 9-க்குப் போக வேண்டும். பின்பக்கமாக 10-க்கு நகர்ந்து, மேலே வந்து எதிரே 2. பின்பக்கமாக 3, எதிரே 11. பின்பக்கமாக 12, எதிரே 4. இப்படியே போனால் கடைசியாக 8-இல் வந்து நிற்பீர்கள். இப்போது முன்பக்கம் நடுவில் கூடி நிற்பவை 16 ஆரக்கால்கள். பின்பக்கம் சின்னச் சின்னக் கண்ணிகள் மட்டும்தான் இருக்கும். அட்டையைக் கிழிக்காமல் பின்னலைக் கழற்ற முடிவது இதனால்தான்.

ஒன்று மேல், ஒன்று கீழ் என்று பின்ன ஆரக்கால் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படையானால் இரண்டாவது சுற்றும் முதல் சுற்றின் மேலேயே விழும், பின்னல் பிடிக்காது. அதனால் 8-இல் நின்ற நூலைப் பின்பக்கமாக 9-க்குக் கொண்டுபோய், மேலே எடுத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இது 17-வது கால். 9-இல் ஏற்கெனவே இருக்கும் காலோடு சேர்க்காமல் தனிக்காலாக எண்ண வேண்டும். எல்லாக் கால்களும் கூடும் நடுவைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தையல் போட்டு இறுக்கியபின் பின்னத் தொடங்கலாம். முனை மழுங்கிய ஊசி எடுங்கள். இல்லையென்றால் ஊசியின் கண் பக்கத்தை முன்னால் விட்டுப் பின்னுங்கள், நூல் பிளவுபடாது. நடுவிலிருந்து வெளியே வரவர, ஒவ்வொரு சுற்றையும் ஊசியால் உள்நோக்கித் தள்ளி நெருக்க வேண்டும். இரண்டு மூன்று நிறம் மாற்றினால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்!

வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடுங்கள். அட்டையை லேசாக வளைத்தால் கண்ணிகள் கழன்று வரும். தனியாக எடுத்த உறுதியான தையல் நூலை இரட்டையாகப் போட்டு, எல்லாக் கண்ணிகளிலும் நுழைத்து, உள்ளே அதே நூலின் துண்டுகளைத் திணித்து, இழுத்து மூடுங்கள். நுனிகளைச் சும்மா முடிச்சுப் போட்டு வெட்டக் கூடாது. பட்டனின் உடம்புக்குள் இரண்டு மூன்று முறை எதிரெதிராக ஓட்டி, அப்புறம்தான் வெட்ட வேண்டும்.

அட்டையை எடுக்காமல், அதன் மேலேயே நூலைச் சுற்றி ஒட்டிப் பட்டன் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். காதணிக்கும் சாவிக்கொத்துக்கும் அது போதும். துணியில் வைத்தால் முதல் சலவையிலேயே அட்டை ஊறி நசுங்கும், பசையும் விடும். வாங்குபவருக்கு உள்ளே அட்டை இருப்பது தெரியாது. விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

நூல் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. நூல் வளையலுக்கு வாங்கும் பளபளப்பான 'சில்க் த்ரெட்' பெரும்பாலும் உண்மையான பட்டு இல்லை. விஸ்கோஸாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும். விஸ்கோஸ் நனைந்தால் பாதி வலுவை இழந்துவிடும். பருத்தி நேர்மாறு, நனைந்தால் வலுக்கூடும். பட்டனுக்கு வலு தேவைப்படுவதே துவைக்கும்போதுதான். அதனால் முறுக்கேறிய பருத்தி நூல், க்ரோஷா நூலானாலும் சரி, எம்பிராய்டரி பருத்தி நூலானாலும் சரி, அதையே வாங்குங்கள். பின்னுவதற்கு முன் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் சாயம் விடும். வெளிர்நிற ஜாக்கெட்டில் அரக்கு நிறப் பட்டன் வைத்துவிட்டு, துவைத்தபின் வருந்திப் பயனில்லை.

தைக்கும்போது பட்டனுக்கும் துணிக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் கழுத்து விட்டு, அதைச் சுற்றி நூலைச் சுற்றுங்கள். கழுத்து இல்லாத உருண்டைப் பட்டன் காஜாவுக்குள் உட்காராது. ஒவ்வொரு முறையும் துணியை இழுத்து, கடைசியில் துணிதான் போகும். பனியன் துணியிலும் மெல்லிய துணியிலும் பின்னால் ஒரு சிறிய தட்டைப் பட்டனை வைத்துச் சேர்த்துத் தைப்பது நல்லது. ஜாக்கெட் முதுகில் வரிசையாக வைக்க நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். நாற்காலியில் சாய்ந்து உட்காரும் வேலையில் இருப்பவர்களுக்கு அது உறுத்தும். அவர்களுக்குத் தட்டையாகச் செய்து கொடுங்கள்.

விற்கப் போகிறவர்கள், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரித் துண்டுத் துணியில் பட்டனைத் தைத்து, மூன்று நான்கு முறை துவைத்துக் காயவைத்து, கழுத்தில் கயிறு மாட்டிக் கொக்கியால் 9 கிலோ காட்டும்வரை இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள். பலருக்கு முதலில் விட்டுப்போவது பின்னல் இல்லை, மூடும் இடத்தில் போட்ட நூல்தான். இந்தச் சோதனையில் தேறினாலும் கைக்குழந்தை உடுப்புக்கு வேண்டாம் என்பதை மாற்றமாட்டேன். சோதித்த பட்டன் ஒன்று, விற்கும் பட்டன் வேறொன்று. கைவேலையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அழகுக்காகச் செய்யும் பட்டனுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று கேட்பவர்களுக்கு டார்செட் கதையைச் சொல்வேன். அந்தத் தென் இங்கிலாந்து மாவட்டத்தின் ஷாஃப்ட்ஸ்பரி ஊரில் 1622-இல் ஆபிரகாம் கேஸ் என்பவர் பட்டன் தொழிலைத் தொடங்கினார். முதலில் செம்மறியாட்டுக் கொம்பு வில்லையின் மேல் துணியும் நூலும் கொண்டு செய்தார்கள். கம்பி வளையம் பின்னால் வந்தது. பெண்களும் குழந்தைகளும் வீட்டிலிருந்தே செய்து கொடுத்தார்கள். கொண்டுவரும் பட்டன்களைத் தரம் பிரித்து, நிற அட்டைகளில் தைத்து விற்றார்கள். ஏற்றுமதிக்கான உயர்ந்த தரம் இளஞ்சிவப்பு அட்டையில், அடுத்தது கருநீலத்தில், கடைசித் தரம் மஞ்சளில். வாங்குபவர் அட்டை நிறத்தைப் பார்த்தே தரத்தைத் தெரிந்துகொள்ளலாம். அன்றாடம் போட்டுத் துவைக்கும் உடுப்புக்கான பட்டன்கள் அவை. தர ஆய்வில் இருந்த எனக்கு அந்தத் தொழிலில் பிடித்ததே இந்த அட்டை முறைதான். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் பட்டன் செய்யும் இயந்திரம் வந்தது. கொஞ்ச காலத்திலேயே வீட்டுத் தொழில் சரிந்து, வேலையிழந்த குடும்பங்கள் பல கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின.

இயந்திரப் பட்டனோடு விலையில் போட்டி போட நம்மாலும் முடியாது, போடவும் வேண்டாம். பழகிய கைக்கே ஒரு பட்டன் அரை மணி நேரம் பிடிக்கும். நூல் விலையை மட்டும் கணக்கிட்டுப் பத்து ரூபாய்க்குக் கொடுக்கும் பெண்களைப் பார்த்தால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. உங்கள் ஊரில் தையல்காரருக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலியோ அதில் பாதியை வைத்து, அதன் மேல் நூலையும் சேர்த்து விலை சொல்லுங்கள். வாங்காதவர் வாங்காமல் போகட்டும்.

விற்கும் பட்டனோடு சேர்த்துக் கொடுக்கும் சீட்டில் நான்கு செய்திகள் இருக்கட்டும்: என்ன நூல், உள்ளே என்ன திணிப்பு, கையால் துவைக்க வேண்டுமா, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடுப்புக்கு ஆகாது. கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.