‘ஈஸ்டர் கலகம்’ அன்று, ஈஸ்டர் எழுச்சி

1916 ஏப்ரல் 24ஆம் நாள், ஈஸ்டர் திங்களன்று, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளின் நகரின் தலைமை அஞ்சலகத்தைக் கைப்பற்றி, அதன் வாசலில் நின்று எழுச்சித் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் அயர்லாந்துக் குடியரசு பிறந்துவிட்டதெனப் பறைசாற்றிய நிகழ்ச்சியை நம் மொழிபெயர்ப்பாளர் பலரும் ‘ஈஸ்டர் கலகம்’ என்றே எழுதி வருகிறார்கள். அண்மையில் முதல் உலகப் போரைப் பற்றிய தமிழாக்க நூல் ஒன்றில் ஒரே பக்கத்தில் நான்கு முறை இந்தத் தொடரைப் படித்த பிறகு, பேசாமல் இருப்பது தவறு என்று தோன்றியது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். ஐரிஷ் மொழியில் இந்நிகழ்ச்சிக்கு ‘ஏய்ரீ அமாக் ந காஸ்கா’ என்று பெயர். ‘ஏய்ரீ’ என்றால் எழுதல், ‘அமாக்’ என்றால் வெளியே. ‘காஸ்கா’ என்பது இலத்தீன் ‘பாஸ்கா’வின் ஐரிஷ் வடிவம்; தொன்மையான ஐரிஷ் மொழியில் பகர ஒலி இல்லாததால் அது ககரமாயிற்று. நம் கத்தோலிக்கர் வழங்கும் பாஸ்காவும் அதுவும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை. ‘வெளியே எழுதல்’ என்பது 1916க்காகப் புதிதாகக் கட்டிய தொடரும் அன்று. அயர்லாந்தைக் கேலிக் (Gaelic) இனக் குறுநிலத் தலைவர்கள் ஆண்ட காலத்தில், தலைவன் அழைத்தவுடன் அவனுக்குக் கட்டுப்பட்டோர் படைக்கலத்தோடு புறப்பட்டுவர வேண்டிய கடமைக்கே அந்தப் பெயர் வழங்கியது.

படை புறப்படுவதைத் தமிழ் என்னவென்று சொன்னது? தசரதனின் சேனை மிதிலைக்குக் கிளம்புவதைப் பாடும் பகுதிக்குக் கம்பராமாயணத்தின் பாலகாண்டத்தில் ‘எழுச்சிப் படலம்’ என்று பெயர். உறக்கம் நீங்கி விழிப்பதற்கும் அதே சொல்தான். திருப்பள்ளியெழுச்சியை அறியாத தமிழர் உண்டா? படை புறப்பாடு, விழிப்பு, தாழ்ந்து கிடந்தது நிமிர்தல் ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்கி நிற்கும்போது, அதை விட்டுவிட்டுக் கலகத்தைத் தேடிப் போனதுதான் எனக்கு விளங்கவில்லை.

கலகம் வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. தனித்தமிழ் அன்பர்கள் அந்த ஒரு காரணத்தையே போதுமென்பார்கள். எனக்கு அது போதாது, ஏனெனில் நூற்றாண்டுகளாகப் புழங்கிய சொல்லுக்குத் தமிழில் குடியுரிமை உண்டு. என் மறுப்பு பொருளைப் பற்றியது. ‘நாரதர் கலகம்’ என்கிறோம், ‘இனக்கலகம்’ என்கிறோம், அடிதடியில் முடிந்த ஊர்த் திருவிழாவைக் ‘கலகமாகிப் போச்சு’ என்கிறோம். இவை எல்லாவற்றிலும் கலகம் என்பது திடீரென மூளும் சண்டை, ஒழுங்கு குலைந்த குழப்பம். டப்ளினில் நடந்தது அப்படித் திடீரென மூண்டதா?

அயர்லாந்துக் குடியரசுச் சகோதரர் சங்கம் என்னும் மறைவியக்கம் 1858 மார்ச் 17இல், புனித பாட்ரிக் திருநாளன்று, டப்ளினில் ஜேம்ஸ் ஸ்டீபன்ஸால் தொடங்கப்பட்டது. 1867இல் அது நடத்திய எழுச்சி தோற்றது, சங்கம் கலையவில்லை. 1912இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதா வந்ததும், வடக்கே அல்ஸ்டர் பகுதியில் பிரிட்டனோடு இணைந்தே இருக்க விரும்பிய ஒன்றிய ஆதரவாளர்கள் அதை எதிர்த்து 1913 ஜனவரியில் ஆயுதப்படை திரட்டினார்கள். அதற்கு விடையாக அதே ஆண்டு நவம்பரில் டப்ளினில் அயர்லாந்துத் தொண்டர் படை உருவானது. அல்ஸ்டர்காரர்கள் 1914 ஏப்ரலில் லார்ன் துறைமுகம் வழியாக ஆயுதம் இறக்கியபோது அரசு பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டர் படையினர் ஜூலையில் ஹவுத் துறைமுகத்தில் சுமார் 900 துப்பாக்கிகளை இறக்கிய நாளிலோ, டப்ளின் மக்கள்மீது படைவீரர்கள் சுட்டார்கள். உலகப் போர் மூண்டதும் தன்னாட்சிச் சட்டம் இயற்றப்பட்டு, அப்போதே நிறுத்தியும் வைக்கப்பட்டது. போர் முடிவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று சகோதரர் சங்கம் 1914 செப்டம்பரிலேயே முடிவு செய்துவிட்டது. 1915இல் இதற்கெனத் தனிப் படைக்குழு அமைந்தது. 1916 ஜனவரியில் தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலியும் தம் குடிமக்கள் படையோடு அதில் சேர்ந்தார். ஜெர்மனியிலிருந்து 20,000 துப்பாக்கிகளோடு ஒரு கப்பலும் கிளம்பியது. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகு நடந்ததைக் கலகம் என்பது, ஓராண்டு முன்பே நாள் குறித்து, பந்தல் போட்டு நடத்திய கல்யாணத்தைத் திடீர்க் கூட்டம் என்பதைப் போன்றது.

அந்தக் கப்பல் பிடிபட்டு மூழ்கடிக்கப்பட்டதும், தமக்குச் சொல்லாமலே திட்டம் நடப்பதைக் கண்டறிந்த தொண்டர் படைத் தலைவர் ஓயன் மக்நீல் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளிலேயே அணிவகுப்பை நிறுத்தும் ஆணையை வெளியிட்டதும், அதனால் எழுச்சி ஒரு நாள் தள்ளிப்போய் டப்ளினில் ஏறக்குறைய 1,200 பேரோடு மட்டும் தொடங்கியதும் உண்மையே. குழப்பம் நேர்ந்தது, ஆனால் திட்டம் குலைந்ததால் வந்த குழப்பம் அது.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று அந்தச் சொல்லில் இருக்கிறது. கலகம் என்று சொன்ன மாத்திரத்தில், எதிரே நிற்பவன் முறையான அரசன் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பியர்ஸ் அன்று வாசித்த, எழுவர் கையொப்பமிட்ட குடியரசு அறிக்கையோ, முந்நூறு ஆண்டுகளில் ஆறு முறை ஐரிஷ் மக்கள் ஆயுதம் ஏந்தித் தம் உரிமையை நிலைநாட்டினார்கள் என்று கூறி, இதை ஏழாவதாக வைக்கிறது. தம்மைக் கீழ்ப்படிய மறுத்த குடிகளாக அல்லாமல், பறிபோன நாட்டுக்கு உரியவர்களாக நிறுத்திக்கொள்கிறது. பிரிட்டிஷ் அரசு இதைக் ‘கலகம்’ என்றது. அதை ஆராய அமைத்த ஆணையத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. ஆணையத்தின் தலைவராக இருந்தவர் அவ்வாண்டுதான் இந்தியாவின் வைஸ்ராய் பதவியிலிருந்து இறங்கிப்போன ஹார்டிங் பிரபு. நம் மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கமும் சாயாமல் எழுதுவதாக எண்ணிக்கொண்டு ஹார்டிங்கின் பேனாவைக் கையில் எடுத்துவிடுகிறார். வேலூரில் 1806இல் நடந்ததையும் 1857இல் நடந்ததையும் ‘சிப்பாய்க் கலகம்’ என்று எழுதிய காலத்தைக் கடந்து, வேலூர்ப் புரட்சி என்று பாடநூலிலேயே படித்து வளர்ந்தவர்கள், அயலான் வீட்டுக் கதைக்கு மட்டும் பழைய சொல்லைத் தூசி தட்டுவானேன்?

ஐரிஷ்காரர்களே தம்மைக் கலகக்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லையா, கார்க் மாவட்டத்துக்கே அப்படியொரு பட்டப்பெயர் உண்டே என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்டு. தமிழிலும் சிறுபத்திரிகை உலகில் ‘கலகக் குரல்’ என்பது பாராட்டுத்தான். தானே சூடிக்கொள்ளும் பட்டம் வேறு, வரலாற்று நூல் ஒரு நிகழ்ச்சிக்குச் சூட்டும் பெயர் வேறு.

‘புரட்சி’ இதற்குப் பொருந்துமா என்றால், அதை வேறொன்றுக்காக ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. புரளுதல் என்னும் வேரிலிருந்து வந்த அச்சொல் கீழ்மேலாகும் மாற்றத்தைக் குறிப்பது. 1912 முதல் 1923 வரையிலான காலம் முழுவதையும் அயர்லாந்து வரலாற்றாசிரியர்கள் புரட்சி என்கிறார்கள். ஏப்ரல் 29 அன்று சரணடைவில் முடிந்த ஆறு நாள் அதன் ஒரு பகுதியே. அந்த ஆறு நாளில் 485 பேர் இறந்தார்கள், அவர்களில் பாதிக்கு மேல் பொதுமக்கள்; ஊர் முதலில் வெறுப்போடுதான் பார்த்தது. மே மாதத்தில் எழுச்சித் தலைவர்கள் உள்ளிட்ட 15 பேரைப் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்ற பிறகே மக்கள் மனம் திரும்பத் தொடங்கியது. ‘கிளர்ச்சி’யைப் பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் மறியலையும் ஊர்வலத்தையும் குறித்துக் குறித்து அதன் கூர் மழுங்கிவிட்டது.

ஒரு சொல்லில் இடறியவர் அடுத்த சொல்லிலும் இடறுகிறார். அதே நூலில் அயர்லாந்தின் குடியரசுவாதிகள் ‘குடியரசுக் கட்சியினர்’ ஆகி அமெரிக்கத் தேர்தலை நினைவூட்டுகிறார்கள். தொண்டர் படையினர் ‘தன்னார்வலர்கள்’ ஆகி இரத்ததான முகாமுக்கு வந்தவர்களைப் போல நிற்கிறார்கள். அன்னி பெசன்ட் 1916 செப்டம்பரில் சென்னையில் தொடங்கிய இயக்கத்தைத் தன்னாட்சி இயக்கம் என்று நாம் படித்திருக்க, அவர் அயர்லாந்திலிருந்து பெற்ற அதே சொல் இங்கே ‘உள்நாட்டு ஆட்சி’ என்று வருகிறது. மூலமொழிச் சொல்லுக்கு அகராதியில் எதிரே கண்ட முதற் சொல்லை எடுத்து வைத்துவிட்டு, அது தமிழில் எந்த வீட்டில் வாழ்கிறது என்று விசாரிக்காமல் போவதால் வரும் கோளாறு இது.

முன்னொட்டைப் பற்றியும் ஒரு சொல். ‘உயிர்த்த ஞாயிறு எழுச்சி’ என்று முழுக்கத் தமிழாக்க முனைவோர், நிகழ்ச்சி நடந்தது திங்கட்கிழமை என்பதை மறக்கிறார்கள். அத்தொடர் 2019இல் இலங்கையில் நடந்த குண்டுத் தாக்குதல்களோடு தமிழர் மனத்தில் ஒட்டியும்விட்டது. ஈஸ்டர் என்பதை அப்படியே விட்டு ‘ஈஸ்டர் எழுச்சி’ என்று எழுதினால் போதும். 1867இல் நடந்ததை, சகோதரர் சங்கத்தாருக்கு வழங்கிய பெயரால் ‘ஃபீனியர் எழுச்சி’ என்று எழுதும்போது இரண்டுக்கும் உள்ள தொடர்ச்சியும் தெரியும்.

கலகம் என்னும் சொல்லுக்கு அயர்லாந்து வரலாற்றில் இடமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1920 ஜூன் 28 அன்று பஞ்சாபின் ஜலந்தர் பாசறையில், பிரிட்டிஷ் படையின் கனாட் ரேஞ்சர்ஸ் பிரிவைச் சேர்ந்த ஐரிஷ் சிப்பாய்கள், தம் நாட்டில் பிரிட்டிஷ் படைகள் செய்யும் கொடுமைகளைக் கேள்வியுற்று, ஆணைக்குப் பணிய மறுத்தார்கள். அது சோலனுக்கும் பரவியது. அங்கு முன்னின்ற ஜேம்ஸ் டேலி நவம்பர் 2 அன்று தக்‌ஷாய் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உறுதிமொழி எடுத்துச் சீருடை அணிந்தவர்கள் தம் அதிகாரிக்கு எதிராகத் திரும்பிய அதைச் சிப்பாய்க் கலகம் என்று யாராவது எழுதினால், நான் ஒரு திருத்தமும் சொல்லமாட்டேன்.