எலக்ட்ரோடு: முனையா, வாயா?

போன மாதம் மதுரையில் ஒரு கல்லூரியின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பதாகை: ‘பண்பட்ட மூளைத் திசுவின் நரம்புச் செயல்பாட்டைப் பதிவு செய்யும் அச்சிடப்பட்ட மின்முனைகள்’. பக்கத்தில் நின்ற பெரியவர், “பண்பட்ட மூளையா? நம்ம ஊர்ல அதைத் தேடித்தான் பிடிக்கணும் தம்பி” என்றார்.

ஆங்கிலத்தில் ‘கல்ச்சர்டு’ என்று இருந்ததைப் ‘பண்பட்ட’ ஆக்கிவிட்டார்கள். ஆய்வகத் தட்டில் ஊட்டம் கொடுத்து உயிரோடு வளர்த்த திசு அது. தேனிப் பக்கம் விவசாயி ‘திசு வளர்ப்பு வாழை’ என்று என்றைக்கோ சொல்லிப் பழகிவிட்டார். ‘வளர்ப்பு மூளைத் திசு’ என்று எழுத மொழிபெயர்ப்பாளருக்குத்தான் கை வரவில்லை. சரி, இது சிரித்துவிட்டுப் போகிற பிழை. எலக்ட்ரோடு, அதாவது மின்சாரம் உள்ளே போகவும் வெளியே வரவும் வைக்கிற கடத்தி, அதற்குத் தமிழாக எழுதிய அந்த ‘மின்முனை’தான் என்னை விடவில்லை. இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை.

எலக்ட்ரோடு 1834இல் மைக்கேல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். கிரேக்கத்தில் எலக்ட்ரான் என்றால் அம்பர், ஹோடோஸ் என்றால் வழி. மின்சாரம் போகும் வழி, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அதை எல்லாரும் ‘போல்’ (pole) என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் வடமுனை, தென்முனையில் வருகிற அதே முனை. அந்தச் சொல் ஃபாரடேக்குப் பிடிக்கவில்லை. காந்தம் போல ஏதோ இழுக்கிறது, தள்ளுகிறது என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடும் என்று நினைத்தார். கரைசலுக்குள் மின்னோட்டம் நுழையவும் வெளியேறவும் உதவும் கதவுகள், வழிகள் மட்டுமே அவை என்று எழுதிவிட்டுத்தான் புதுச்சொல்லை வைத்தார். அவர் வேண்டாம் என்று தூக்கிப்போட்ட முனையை நாம் பொறுக்கியெடுத்து, முன்னால் ‘மின்’ சேர்த்து, தமிழாக்கம் என்கிறோம்.

வரலாறு கிடக்கட்டும், பொருளையாவது பார்க்கலாம். சிவகாசியில் ஸ்க்ரீன் பிரிண்டிங் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வலைத்துணி வழியாக மையைத் தள்ளுவது அதே வேலைதான். மையில் மட்டும் தங்கம், பிளாட்டினம், கார்பன் என்று மின்சாரம் கடத்தும் துகள் இருக்கும். இங்க்ஜெட்டில் தெளித்தும் அச்சிடுகிறார்கள். 2018இல் ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் யூலிஷ் ஆய்வு மையத்தாரும் கார்பன் மையால் ஜெலட்டின் மேல், ஏன், ஜெல்லி மிட்டாயின் மேல்கூட அச்சிட்டுக் காட்டினார்கள். ஜெல்லி மிட்டாய் மேல் தட்டையாகப் படிந்த மைப்பொட்டில் முனை எங்கே இருக்கிறது?

இன்னும் கேளுங்கள். அச்சிட்ட தடம் முழுவதையும் மின்சாரம் கடத்தாத ஒரு பூச்சால் மூடிவிடுவார்கள். திசு உட்காரும் இடத்தில் மட்டும் சின்னதாகத் திறந்து விடுவார்கள். நரம்பணு துடிக்கும்போது ஏறத்தாழ ஒரு மில்லி விநாடிக்கு எழுகிற மைக்ரோவோல்ட் கணக்கிலான அதிர்வு அந்தத் திறப்பில்தான் பிடிபடும். திசுவைத் தூண்ட வேண்டுமென்றால் மின்சாரத்தை அனுப்புவதும் அதே திறப்பு வழியாகத்தான். இப்படி ஒன்றுக்குத் தமிழில் வாய் என்று பெயர். இலங்கைத் தமிழர் மின்வாய் என்றே எழுதுகிறார்கள். நம் பாடநூல்களில் இரண்டு சொல்லும் கலந்து கிடக்கின்றன.

வாய் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். வாய்க்காலைப் பார்த்து எந்தப் பிள்ளை சிரித்தது? கணவாய்க்கு? வாயில்தான் வாசல் ஆயிற்று. தினமும் தெற்குவாசலில் பஸ் ஏறுகிறவர்கள் நாம். கண்வாய்தான் கண்மாய் ஆனது என்றும் சொல்வதுண்டு. தண்ணீர் போக ஒரு வழி என்றாலே வாய் என்று பேர் வைத்த ஊரில், மின்சாரம் போகிற வழிக்கு மட்டும் வேறு சொல் தேடி அலைகிறோம்.

ஊசி போலக் கூராக்கித் திசுவுக்குள் குத்துகிற வகையும் உண்டே என்றார் அந்தப் பேராசிரியர். உண்டு. அதை ஊசி மின்வாய் என்று சொல்லிவிட்டுப் போகலாம். முனைக்கு வேறு வேலை இருக்கிறது: அச்சிட்ட தடம் தகட்டின் விளிம்பில் முடிந்து கருவியோடு இணைகிற இடம். பேட்டரியில் நேர்முனை, எதிர்முனை என்கிறோமே, அந்த முனை. இரண்டையும் மின்முனை என்றே எழுதினால், எதைத் திசுவில் வைப்பது, எதில் கம்பி மாட்டுவது என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? வெல்டிங் பட்டறைத் தம்பிக்கு இந்தக் குழப்பம் கிடையாது. ‘ராடு’ என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்திய பழக்கம், கை சும்மா இருக்காது. பதாகையில் இருந்ததை ஒரு தாளில் எழுதி, ‘வளர்ப்பு மூளைத் திசு’, ‘அச்சு மின்வாய்’ என்று திருத்திக் கொடுத்தேன். அன்போடு வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் புதுப் பதாகை வந்தது. திசு சரியாகிவிட்டிருந்தது. அடுத்த சொல், ‘மின்முனைவாய்’.