ஒரே வீடு, ஒரே குடும்பம், அதனால் சின்ன வேலையா?

படப்பிடிப்புக்கு ஷெட்யூல் போட்டுக் கொடுப்பது என் தொழில். கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு சின்ன பட்ஜெட் கதையோடு புது இயக்குநர்கள் வருவார்கள். "ஒரே வீடு, ஒரே குடும்பம், சண்டைக் காட்சியே கிடையாது. மீதியை ஸ்பாட்டில் பார்த்துக்கலாம்." போன வாரம் வந்தவரும் இதையேதான் சொன்னார். காட்சிகளை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதிவிட்டீர்களா என்று கேட்டால், "எல்லாம் மனசில் இருக்கு" என்றார். சரி, இனி வருகிறவர்களுக்காவது எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஸ்பாட்டில் பார்த்துக்கொள்வது காசு உள்ளவர்கள் செய்கிற காரியம். ஒரு நாள் வீணானால் அவர்கள் இன்னொரு நாளை வாங்கிக்கொள்வார்கள். உங்களிடம் இருப்பது 90 பக்க ஸ்கிரிப்ட், 15 நாள். அதாவது நாளுக்கு 6 பக்கம். அதிலும் பக்கக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. "சொந்தக்காரர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள்" என்பது ஸ்கிரிப்ட்டில் ஒரே வரி. எடுக்க அரை நாள்.

சாப்பாட்டு மேசைக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், மூன்று பக்கம். ஆளுக்கு ஒரு தனி ஷாட், ஒவ்வொரு ஷாட்டையும் நான்கு முறை எடுப்பது, அதாவது நான்கு டேக் என்று வைத்தால் 32 டேக். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரு டேக் மூன்று நிமிடம், கேமரா ஓடும் நேரம் மட்டுமே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். லைட் மாற்றுவது, தட்டுகளில் மறுபடி உணவு நிரப்புவது, உருகிய மெழுகுவர்த்திக்குப் பதிலாக முந்தைய ஷாட்டில் இருந்த அதே உயரத்தில் இன்னொன்றை வைப்பது எல்லாம் தனி. யார் எந்தப் பக்கம் பார்த்துப் பேசினார் என்பது குழம்பினால், எடிட்டிங்கில் அப்பா மகளை விட்டுவிட்டுச் சுவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். (எடிட்டர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இயக்குநர் சிரித்துப் பார்த்ததில்லை.) யார் எங்கே உட்காருகிறார் என்பதை வீட்டிலேயே தாளில் வரைந்து முடிவுசெய்யுங்கள். மேசையின் ஒரு பக்கத்து முகங்களை எல்லாம் எடுத்து முடித்த பிறகே கேமராவை மறுபக்கம் திருப்புங்கள். அதைவிட நல்ல வழி, பேச வேண்டியது இல்லாத மூன்று பேரைச் சமையலறைக்கு அனுப்பிக் காட்சியை மாற்றி எழுதுவது. பேனாவுக்கு வாடகை கிடையாது.

அடுத்தது அலங்காரம். வெறும் வீடு, பாதி அலங்கரித்த வீடு, முழுசாக ஜொலிக்கும் வீடு, விருந்து முடிந்து அலங்கோலமான வீடு. இந்த நான்கு நிலைக்கும் காட்சிகளைத் தனித்தனியாகப் பிரித்து, அதே வரிசையில் எடுங்கள். நடுவில் திரும்பிப் போக நினைத்தால் ஆர்ட் டிபார்ட்மென்ட் உங்களோடு பேசாது. சீரியல் லைட்டை மினுங்க விடாதீர்கள், நிலையாக எரியட்டும். மினுங்கினால் ஒவ்வொரு வெட்டிலும் வெளிச்சம் குதிக்கும். பரிசுப் பொட்டலம் பிரிக்கும் காட்சியா? ஒரு டேக்குக்கு ஒரு பொட்டலம், எண்ணி வையுங்கள். காகிதம் கிழியும்போது வசனம் வேண்டாம்.

குழந்தைகளை வைத்துத்தான் நாளையே திட்டமிட வேண்டும். எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது, இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை கேமரா முன் ஒரு நாளில் 20 நிமிடம்தான் இருக்கலாம். அந்த வேடங்களுக்கு இரட்டைக் குழந்தைகளைத் தேடுவது இதனால்தான். பெரிய குழந்தை என்றாலும் அதன் குளோசப்பைக் காலையில், களைப்பதற்குள் எடுத்துவிடுங்கள். பெரியவர்களின் ஷாட்டை அப்புறம் எடுக்கலாம், குழந்தையின் வசனத்தைக் கேமராவுக்குப் பின்னால் வேறு யாராவது படித்தால் போதும். அழ வைக்க வேண்டும் என்று குழந்தையை மட்டும் மிரட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பாட்டு விஷயத்திலும் ஒரு பொறி உண்டு. 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857இல் வெளிவந்தது, அதற்கு இப்போது உரிமையாளர் கிடையாது. ஆனால் நீங்கள் போனில் கேட்கும் அந்தப் பதிவுக்கு உண்டு. நீங்களே பாடிப் பதிவுசெய்யுங்கள்.

கடைசியாக ஒலி. பழைய ஹாலிவுட்டில் வெள்ளை பூசிய கார்ன்ஃபிளேக்ஸைப் பனியாகக் கொட்டி எடுத்தார்கள். நடிகர் நடந்தால் நொறுங்கும், வசனத்தைப் பிறகு டப்பிங்கில் பேச வேண்டும். 1946இல் நுரையில் செய்த பனி வந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. உங்கள் பனி எதில் செய்தது என்று ஒலிப்பதிவாளர் கேட்டால் எரிச்சல் படாதீர்கள். லொக்கேஷன் பார்க்கப் போகும்போது கேமராமேனோடு அவரையும் கூட்டிப் போங்கள். வீட்டு ஃபிரிட்ஜை அணைக்கச் சொல்வார், அணையுங்கள். உங்கள் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள், அன்றைய படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆனதும் மறுபடி ஆன் செய்ய மறக்காமல் இருக்க.